பால் சொசைட்டி ஆப்: இந்தத் திரைக்குக் கருத்து வேணும் ("சூப்பர் ப்ரோ" ஏற்கெனவே நிறைய வந்தாச்சு)

கொங்குத்தறி | #1

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க பக்கத்துல ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்துக்கு ஆண்ட்ராய்டு ஆப் பண்ணிட்டிருக்கேன். காலைலயும் சாயங்காலமும் உறுப்பினர்கள் பால் ஊத்த வருவாங்க. எழுத்தர் அதை நோட்டுல எழுதி, அவங்க பால் அட்டையிலயும் குறிச்சுக் கொடுத்து, கூட்டம் போனதுக்கப்புறம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறார். ஒரே வேலையை மூணு தடவை செய்றதை ஒண்ணாக்கணும். நோக்கம் அவ்வளவுதான்.

முக்கியமான திரை ஒண்ணுதான். படம் இணைச்சிருக்கேன். திறக்காதவங்களுக்கு எழுத்துலயும் சொல்லிடறேன். மேல சங்கத்தோட பேர். அதுக்குக் கீழ காலை / மாலை மாத்துற சுவிட்ச். பிறகு வரிசையா நாலு கட்டம்: உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கிற திடப்பொருள்). நாலும் போட்டா ரேட்டும் தொகையும் தானா வந்துரும். அடியில ரெண்டு பட்டன், இடது பக்கம் "அழி", வலது பக்கம் "பதிவு செய்". ஃபேட் நல்லா இருந்தா கட்டம் பச்சையாகும், குறைஞ்சா சிவப்பு. வெள்ளைப் பின்னணி, லேபிள் எல்லாம் மெல்லிசான சாம்பல்.

ஒரு டிசைன் குரூப்புல போட்டுப் பார்த்தேன். "சூப்பர் ப்ரோ", தீ எமோஜி, "மாடர்னா இல்லியே", "எனக்கென்னமோ செட் ஆகல". இதை வெச்சுக்கிட்டு நான் எதை மாத்தறது? வேலைக்கு ஆகுற மாதிரி கருத்து எப்படிச் சொல்றது, எப்படிக் கேட்டு வாங்கறதுன்னும் சேர்த்துப் பேசினா நல்லாருக்கும்.

---

ரெட்ரோராஜா | #2

வெள்ளை ரொம்ப டல். டார்க் மோட் போட்டு நியான் பச்சையில தொகையைக் காட்டுங்க, சும்மா தூக்கிரும். கட்டங்களுக்கு ஓரம் வளைச்சு விடுங்க. சுவிட்சுக்குப் பதிலா சூரியன், நிலா ஐகான்.

---

மைவிழி | #3

தம்பி, படத்தைப் பார்த்தேன். கருத்து சொல்றதுக்கு முன்னாடி சில கேள்வி, பதில் வரட்டும்.

எழுத்தர் போனை எங்க வெச்சிருப்பார், கையிலயா மேசையிலயா? அந்தக் கை உலர்ந்த கையா? அந்த இடம் கூரைக்கு உள்ளயா, வெளியிலயா? ஃபேட்டும் எஸ்.என்.எஃபும் அவருக்கு எங்கிருந்து கிடைக்குது, எப்போ கிடைக்குது? திரையை அவரைத் தவிர வேற யார் பார்ப்பாங்க? ஒரு எண் தப்பா விழுந்துட்டா அது யாருக்கு எப்போ தெரியவரும்?

இன்னொண்ணு, இது எந்தக் கட்டத்துல இருக்கு? கட்டங்களோட வரிசை முடிவாயிடுச்சு, நிறம் மட்டும் பார்க்கணும்னா அப்படிச் சொல்லுங்க. வரிசையே இன்னும் பேச்சுலதான் இருக்குன்னா நிறத்தைப் பத்தி இப்போ நாங்க வாயே திறக்க வேண்டாம்.

---

கொங்குத்தறி | #4

அக்கா, இதுல பாதி கேள்வியை நானே யோசிச்சதில்ல. சங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு எழுதறேன்.

போன் மேசை மேல, ஒரு ஸ்டாண்டுல. கை எப்பவும் ஈரம்தான், அளவுக் குவளையும் சாம்பிள் எடுக்கிற கரண்டியும் மாறி மாறிப் பிடிக்கிறார். தகரக் கொட்டகை, கிழக்கே திறந்த வாசல், காலை வெயில் நேரா மேசையில விழும். ஃபேட்டும் எஸ்.என்.எஃபும் அனலைசர் மெஷின் காட்டும். சாம்பிளை வெச்சதும் ரிசல்ட் வந்துடாது, அரை நிமிஷம், சமயத்துல அதுக்கும் மேல ஆகும். அதுக்குள்ள அடுத்தவங்க கேனைத் தூக்கி வெச்சிருவாங்க. திரையை வரிசையில நிக்கிற எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க, அது அவங்க காசு. எண் தப்பா போனா பட்டுவாடா அன்னிக்குத்தான் தெரியும்.

வரிசை முடிவாகல. எல்லாத்தையும் பேசலாம்.

---

மைவிழி | #5

இப்போ பேசலாம். எது பெரிய விஷயமோ அதுலேருந்து வரேன்.

உங்க படிவம் நாலு கட்டமும் நிரம்பினாத்தான் "பதிவு செய்" வேலை செய்யுது. ஆனா நாலு தகவலும் ஒரே நேரத்துல வர்றதில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எண்ணும் லிட்டரும் உடனே தெரியும். மத்த ரெண்டும் மெஷின் சொன்னாத்தான். அதுவரைக்கும் 12-ஆம் எண்ணோட படிவம் பாதியில நிக்கும், 31-ஆம் எண் கேனோட முன்னாடி நிக்கும். எழுத்தர் என்ன செய்வார்? ஒண்ணு வரிசையை நிறுத்துவார், இல்லேன்னா ஒரு துண்டுக் காகிதத்துல லிட்டரை எழுதி வெச்சுக்குவார். காகிதம் வந்துட்டா உங்க ஆப் போச்சு. இதுக்கு என்ன தீர்வுன்னு நான் சொல்லல. ரெண்டு மூணு வழி மனசுல ஓடுது, ஆனா அந்த இடத்தைப் பார்த்தவர் நீங்க, நான் இல்ல.

அடுத்து, எண் தப்பாறது. 47-ஐ 74-ன்னு அடிச்சா உங்க திரையில அதைக் காட்டிக் கொடுக்கிறது ஒண்ணுமே இல்ல. ரெண்டுமே செல்லுபடியாகுற எண். அம்மாவுக்குப் பதிலா பள்ளிக்கூடப் பையன் கேனைத் தூக்கிட்டு வந்து எண்ணைச் சொல்லிட்டுப் போறதும் நடக்கும். ஒருத்தர் பால் இன்னொருத்தர் கணக்குல ஏறி, பட்டுவாடா அன்னிக்கு சண்டை ஆகும். இந்தத் திரையில இருக்கிறதுலயே மோசமான ஓட்டை இதுதான்னு நினைக்கிறேன்.

மூணாவது அந்த சிவப்பு. ஊரே எட்டிப் பார்க்கிற திரையில ஒருத்தங்க பாலுக்குச் சிவப்புக் கட்டம் காட்டினா, "தண்ணி கலந்துட்டாங்க"ன்னு பேச்சு கிளம்ப எவ்வளவு நேரமாகும்? ஃபேட் குறையறதுக்கு ஆயிரம் காரணம். தீவனம் மாறியிருக்கலாம், கன்னு போட்டு எவ்வளவு நாளாச்சுங்கிறது இருக்கு, மடியைக் கடைசி வரைக்கும் கறக்காம விட்டிருக்கலாம் (கடைசியில வர்ற பால்லதான் கொழுப்பு அதிகம்). அந்த நிறம் எழுத்தருக்கு என்ன வேலை செய்யுது? அவர் மெஷின்ல பார்த்த எண்ணைத்தானே அடிக்கிறார்? பதில் இருந்தா வெச்சுக்கோங்க. இல்லேன்னா எடுத்துடலாம்.

ரேட்டும் தொகையும் தானா வர்றதும், அந்தத் தொகை எழுத்து அவ்வளவு பெருசா இருக்கிறதும் சரியான முடிவு. மூணு அடி தள்ளி நிக்கிறவங்களுக்கும் தெரியும். அடுத்த வெர்ஷன்ல இடம் பத்தலைன்னு அதைச் சின்னதாக்கிடாதீங்க.

---

ரெட்ரோராஜா | #6

> நிறத்தைப் பத்தி இப்போ நாங்க வாயே திறக்க வேண்டாம்

இது என்னைத்தான்னு புரியுது 😀 ஆனா அவர் கருத்துதானே கேட்டார்? நான் ஒரு யூசரா எனக்குத் தோணினதைச் சொன்னேன்.

---

மைவிழி | #7

ராஜா, உங்களைக் குறை சொல்லல. ஆனா இதுக்கு யூசர் நீங்களும் இல்ல, நானும் இல்ல. கொட்டகையில ஈரக்கையோட நிக்கிற அந்த மனுஷர்தான். நீங்க சொன்னதுல ஒரு நல்ல சேதி ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது. "வெள்ளை டல்லா இருக்கு"ன்னா உங்க கண்ணுக்கு எதோ தெளிவா தெரியல. எது தெரியல? லேபிளா, கட்டத்தோட ஓரமா, தொகையா? அதைச் சொல்லியிருந்தா அவருக்கு வேலைக்கு ஆகியிருக்கும். நீங்க நேரா "டார்க் மோட் போடு"ன்னு மருந்துக்குப் போயிட்டீங்க. காலை வெயில்ல கறுப்புத் திரை முகம் பார்க்கிற கண்ணாடி ஆயிடும், அவர் மூஞ்சிதான் அவருக்குத் தெரியும்.

---

ரெட்ரோராஜா | #8

லேபிள்தான்க்கா. "எஸ்.என்.எஃப்"ங்கிறதைக் கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் படிச்சேன்.

---

தஞ்சை_டெஸ்டர் | #9

ராஜா கண்ணுல பட்டதை அளந்து சொல்றேன். படத்துல லேபிள் நிறம் 999999 (நிறக் குறியீடு, சாம்பல்ல எண் குறையக் குறைய நிறம் கறுக்கும்). வெள்ளை மேல அதோட கான்ட்ராஸ்ட் 2.85-க்கு 1. டபிள்யூசிஏஜி (எல்லாரும் பயன்படுத்துற மாதிரி திரை அமைக்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டி) சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்கிற குறைந்தபட்சம் 4.5-க்கு 1. 767676-க்கு இறங்கினா 4.54, பாஸ் மார்க் அளவுக்கு மேல கொஞ்சூண்டு. அது அறைக்குள்ள உக்காந்து பார்க்கிறவங்களுக்கான கணக்கு. வெயில்ல வைக்கிற போனுக்கு 444444 பக்கம் போறது நல்லது. "டல்லா இருக்கு"ன்னா டிசைனர் சண்டைக்கு வருவார். "2.85 இருக்கு, 4.5 வேணும்"னா போய் மாத்திட்டு வந்துருவார். அளக்க முடியுற விஷயத்தை அளந்தே சொல்லிடணும், அதுல ரசனைக்கு இடம் இல்ல.

பட்டனும் அப்படித்தான். "அழி", "பதிவு செய்" ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. கூகுளோட டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் சொல்ற தொடு அளவு 48 டிபி (ஆண்ட்ராய்டுல திரையை அளக்கிற அலகு), கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். உங்க பட்டன் உயரம் அதைவிடக் கம்மியா தெரியுது. டபிள்யூசிஏஜி 2.2 கேட்கிறது 24 பிக்சல்தான், அது தரைமட்டம், அதைக் காட்டி "பாஸ்"னு சொல்லிடாதீங்க. ஈரக்கைக்குத் தொடுதிரை தப்புத் தப்பா கேட்கும், ஒரு சொட்டு விழுந்தாக்கூட அதையே விரல்னு எடுத்துக்கும். "அழி" அந்த இடத்துல இருக்கவே கூடாது.

அப்புறம் போன் செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெருசாக்கிப் பார்த்தீங்களா? ஆண்ட்ராய்டு 14-லேருந்து 200 சதவீதம் வரைக்கும் போகலாம். "உறுப்பினர் எண்" ரெண்டு வரியா மடங்கி லிட்டர் கட்டத்து மேல ஏறி உக்காரும்னு நான் பந்தயம் கட்டுறேன். வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு ஏத்த மாதிரி இறுக்கி வெச்சிருந்தா மேல விசிறி, கீழ சுழி எல்லாம் வெட்டுப்படும்.

---

கட்டம்போட்டசட்டை | #10

நான் கொஞ்சம் எதிர்க்கருத்து. இவ்வளவு நீளமா குறை எழுதினா புதுசா வர்றவங்க ஓடிருவாங்க. எங்க கம்பெனியில சாண்ட்விச் முறைதான். முதல்ல ஒரு பாராட்டு, நடுவுல குறை, கடைசியில ஒரு பாராட்டு. மனசு நோகாது.

---

தஞ்சை_டெஸ்டர் | #11

எங்ககிட்டயும் அந்த முறை இருந்துச்சு. "ஐகான் அழகா இருக்கு, செக்அவுட் பக்கத்துல பணம் ரெண்டு தடவை போகுது, ஃபான்ட் தேர்வு அருமை." கேட்டவர் சந்தோஷமா போனார். பணம் ரெண்டு தடவையே போச்சு.

---

மைவிழி | #12

பாராட்டையே விட்டுடணும்னு நான் நினைக்கல. ஆனா அதை மருந்துக்கு மேல தடவுற தேன் மாதிரி பயன்படுத்தினா ரெண்டு நாள்ல எல்லாருக்கும் புரிஞ்சுடும். "நல்லா இருக்கு"ன்னு ஆரம்பிச்சாலே எதிர்ல இருக்கிறவர் "ஆனா"வுக்காகக் காத்திருப்பார். எது வேலை செய்யுதுங்கிறதும் தகவல்தான், அப்படி நினைச்சுச் சொன்னா போதும். எது சரின்னு சொல்லாட்டி, அடுத்த வெர்ஷன்ல டிசைனர் குறையைத் திருத்தும்போது சரியா இருந்ததையும் சேர்த்து மாத்திடுவார். மேல தொகை எழுத்தைப் பத்திச் சொன்னது அதுக்குத்தான், தம்பி மனசு குளிரட்டும்னு இல்ல.

மனசு நோகறது பெரும்பாலும் கேள்வியோட உருவத்துல. "ஏன் இப்படி வெச்சீங்க?"ன்னு நம்ம மொழியில கேட்டா அது கேள்வியே இல்ல, அதட்டல். "இது இங்க வந்ததுக்கு என்ன காரணம் இருந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஆள் விலகி, திரை மட்டும் மேசைக்கு வரும். சில நேரம் உண்மையிலேயே நல்ல காரணம் இருக்கும், நாமதான் வாயை மூடிக்கணும்.

---

அச்சுக்கோப்பு | #13

நான் அச்சகத்துல இருந்து டிசைனுக்கு வந்தவன், வயசும் ஆச்சு. ஒரு பழைய சம்பவம் சொல்றேன், இங்க பொருந்தும்.

2000-ல அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ஃப்ளோரிடாவுல பாம் பீச் கவுண்டி. அங்க வயசானவங்க அதிகம். வேட்பாளர் பட்டியல் நீளம். எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டா எழுத்து பொடிசாகும்னு, தேர்தல் அதிகாரி பெயர்களை ரெண்டு பக்கமா பிரிச்சு நடுவுல துளை வரிசையை வெச்சாங்க. பட்டாம்பூச்சி வாக்குச்சீட்டுன்னு பின்னாடி பேர் வந்துச்சு. எழுத்து பெருசாச்சு, எண்ணம் நல்ல எண்ணம். ஆனா இடது பக்கம் இரண்டாவதா இருந்த அல் கோருக்கு மூணாவது துளை. இரண்டாவது துளை வலது பக்கத்துல இருந்த பேட் புக்கானனுக்கு. அந்த கவுண்டியில மட்டும் புக்கானனுக்கு 3,400-க்கும் மேல ஓட்டு விழுந்துச்சு. "அதுல நிறைய எனக்குப் போட்டதில்ல"ங்கிற மாதிரி அவரே பேசினார். மாநிலம் முழுக்க கோரைத் தோற்கடிச்சு புஷ் ஜெயிச்ச வித்தியாசம் 537 ஓட்டு.

அந்தச் சீட்டை ஒருத்தர்கிட்ட காட்டி "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா என்ன சொல்வார்? "எழுத்து நல்லா பெருசா இருக்கு." சரியான பதில்தான். கையில ஊசியைக் கொடுத்து "இன்னாருக்குக் குத்துங்க"ன்னு சொல்லியிருந்தாத்தான் விஷயம் வெளியில வந்திருக்கும். அதனால கொங்குத்தறி, படத்தைப் போட்டு எங்ககிட்ட கருத்து கேட்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. எழுத்தர் கையில கொடுத்து "47-ஆம் எண், ஆறரை லிட்டர் போடுங்க"ன்னு சொல்லிட்டு, நீங்க வாயைத் திறக்காம பக்கத்துல நில்லுங்க.

---

நெல்லைச்சீமை | #14

அண்ணாச்சி சொன்னதுக்கு நேர்மாறா ஒரு கதை இருக்கு. 2018 ஜனவரி 13, ஹவாய். ஏவுகணை வருது, ஒளிஞ்சுக்கோங்க, இது ஒத்திகை இல்லன்னு ஊருக்கே போன்ல அலர்ட் போயிட்டு. 38 நிமிஷம் கழிச்சுதான் பொய்யின்னு மறுசெய்தி வந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் இணையம் முழுக்கச் சுத்துச்சு, ஒத்திகை லிங்க்கும் உண்மை லிங்க்கும் ஒரே பட்டியல்ல பக்கத்துல பக்கத்துல. உலகத்துல உள்ள டிசைனர் பூராவும் அதை வச்சு வகுப்பு எடுத்தாங்க. நானும் ஒரு பத்தி எழுதினேன்னு வைங்க.

அந்தப் படம் உண்மையான திரை இல்லைன்னு அலர்ட் அனுப்புன ஹவாய் அவசரகால மேலாண்மைத் துறையே பிறகு சொல்லிட்டு. அதுக்கு மேல, மாசக் கடைசியில எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) அறிக்கை வந்தப்போ, அலர்ட் அனுப்புன ஊழியர் அது ஒத்திகைன்னே நினைக்கல, நிஜத் தாக்குதல்னு நம்பித்தான் அனுப்பினேன்னு எழுத்துல கொடுத்திருந்தார். ஒத்திகைச் செய்தியிலயே "இது ஒத்திகை அல்ல"ங்கிற வாசகம் இருந்திருக்கு. லிங்க்கு மோசம்தான், நான் இல்லேங்கல. ஒரே ஆள் அழுத்தினா போயிரும், திரும்பப் பெற தயார் வழி கிடையாதுங்கிறதெல்லாம் டிசைன் குறைதான். ஆனா முக்கியக் காரணம்னு நாம சாமியாடுனது வேற இடத்துல இருந்துச்சு.

மைவிழி அக்கா முதல்ல கேள்வியா கேட்டாங்க பாருங்க, அதைப் படிச்சப்போ இதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

---

முத்துச்சரம் | #15

ஒரு சந்தேகம். நான் ஒரு ஐடி கம்பெனியில ஜூனியர். ரிவியூ மீட்டிங்ல மேனேஜர் முதல்ல வாயைத் திறந்து "எனக்கு ஓகே"ன்னு சொல்லிடுவார். அதுக்கப்புறம் யாரும் எதுவும் சொல்றதில்ல. கண்ணுக்கு முன்னாடி தப்பு தெரியும், சொல்ல முடியாது. என்ன பண்றது?

---

தஞ்சை_டெஸ்டர் | #16

பேசுறதுக்கு முன்னாடி எழுதிடுங்க. எங்க டீம்ல திரையைப் போட்டதும் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அவங்கவங்க தனித்தனியா எழுதணும். அப்புறம் வயசுல, பதவியில சின்னவங்களேருந்து படிக்கணும். சார் கடைசி. எங்க சாருக்கு முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, இப்போ அவரே கேட்கிறார்.

இது மரியாதைக்காக மட்டும் இல்ல. பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் ஹியூரிஸ்டிக் மதிப்பீட்டைப் பத்தி (பொதுவான விதிகளை வெச்சு திரையில சிக்கல் தேடுற முறை) எழுதும்போது, ஒருத்தர் தனியா பார்த்தா இருக்கிற சிக்கல்ல சராசரியா 35 சதவீதம்தான் கண்டுபிடிக்கிறார்னு சொல்வார். ஒருத்தர் கண்ணுக்குப் பட்டது இன்னொருத்தர் கண்ணுக்குப் படாது. மூணுலேருந்து அஞ்சு பேர் தனித்தனியா பார்த்துட்டு, அப்புறம் சேர்க்கணும். மேனேஜர் முதல்ல தீர்ப்பு சொல்லிட்டா அஞ்சு பேர் உக்காந்திருந்தாலும் ஒரு ஜோடிக் கண்ணுதான்.

எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும், சிக்கல் எவ்வளவு தீவிரம்னு சொல்ற நீல்சனோட 0 முதல் 4 வரைக்கும் உள்ள எண்ணையும் போட்டுடுங்க. 0-ன்னா சிக்கலே இல்ல, 1 வெறும் தோற்றம், 2 சின்னது, 3 பெருசு, 4-ன்னா திருத்தாம வெளியில விடவே கூடாது. ஃபிக்மாவுல (டிசைன் பண்ற மென்பொருள்) அறுபது கமெண்ட் ஒட்டியிருக்கும், அதுல "நிழல் கொஞ்சம் கம்மி பண்ணலாமா"வும் "பணம் தப்பா கணக்காகுது"வும் ஒரே சைஸ் வட்டத்துல இருக்கும். பாவம், டிசைனர் சுலபமானதுலேருந்துதான் ஆரம்பிப்பார், நிழல்தான் முதல்ல சரியாகும்.

---

கொங்குத்தறி | #17

எல்லாத்தையும் தனித்தனியா எழுதி வெச்சுக்கிட்டேன்ங்க. நடுவுல புது வில்லங்கம் ஒண்ணு. சங்கத் தலைவர் படத்தைப் பார்த்துட்டு "திரைக்கு மேல என் போட்டோ வரணும்"ங்கிறார். அதுவும் பாதித் திரைக்கு. இதுவும் ஃபீட்பேக்தானா? 🙏

---

ரெட்ரோராஜா | #18

டார்க் மோட்ல வெச்சிருங்க, தெரியாது.

---

அச்சுக்கோப்பு | #19

கல்யாணப் பத்திரிகை அடிச்ச காலத்துலேருந்து நான் பார்க்கிற ஃபீட்பேக் தம்பி இது. மாமா போட்டோ, சித்தப்பா பேர், எல்லாம் முதல் பக்கத்துல. மறுத்துப் பேசினா ஆர்டர் போகும், அப்படியே போட்டா பத்திரிகை போகும். நான் கேட்கிறது ஒண்ணுதான்: "போட்டுடலாம்ங்க, அதைப் பார்த்தா வர்றவங்களுக்கு என்ன தோணணும்?" பதிலை வாங்கிட்டு வாங்க.

---

கொங்குத்தறி | #20

கேட்டேன். நான் நினைச்ச பதில் வரல. பக்கத்துல தனியார் பால்காரங்க வண்டி வந்து நிக்குதாம். அவங்களும் போன்ல ஆப் வெச்சுத்தான் பதியறாங்க. உறுப்பினருங்க இதையும் அதையும் ஒண்ணுன்னு குழப்பிக்கக் கூடாது, "இது நம்ம சொசைட்டி"ன்னு பார்த்ததும் தெரியணும்ங்கிறார். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி அவர் போட்டோ.

சங்கத்தோட பேரையும் பதிவு எண்ணையும் ஆப் திறக்கிறப்போ பெருசாவும், கைக்குக் கொடுக்கிற ஸ்லிப்புல முதல் வரியாவும் போட்டுக் காட்டினேன். ஸ்லிப்பைக் கையில வாங்கிப் பார்த்துட்டு "இது போதும்"னுட்டார். போட்டோ இப்போ "எங்களைப் பற்றி" பக்கத்துல.

---

மைவிழி | #21

அருமை. தலைவர் சொன்னது தீர்வு, அதைத் திருப்பிப் பிரச்சினையாக்கிட்டு வந்திருக்கீங்க. ராஜாவோட "டல்"லுக்கும் இதே வைத்தியம்தான் நடந்துச்சு. கருத்து சொல்றவங்களுக்கு நாம பாடம் எடுத்துக்கிட்டே இருக்க முடியாது, தலைவருக்கு எடுக்கவே முடியாது. கேட்கிறவங்க அடுத்த கேள்வியைப் போட்டுத்தான் ஆகணும்.

---

கொங்குத்தறி | #22

நேரா சங்கத்துக்கே போயிட்டு வந்தேன். காலை நேரத்துக் கூட்டம். திருத்தின மாதிரியை எழுத்தர்கிட்ட கொடுத்துட்டு, அச்சுக்கோப்பு ஐயா சொன்ன மாதிரி ஓரமா நின்னேன். வாயை மூடிக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

முதல்ல மாத்தினது என்னன்னு சொல்லிடறேன். எண்ணும் லிட்டரும் போட்டதும் அந்த ஆள் மேல ஒரு பட்டியல்ல "மெஷினுக்காகக் காத்திருப்பு"ன்னு போய் உக்காந்துக்குவார், அடுத்தவங்களுக்குப் படிவம் காலியாயிடும். ரிசல்ட் வந்ததும் பட்டியல்ல அவரைத் தொட்டு ஃபேட்டும் எஸ்.என்.எஃபும் போடலாம். எண்ணை அடிச்சதும் பேர் பெருசா வரும். சிவப்பு, பச்சை ரெண்டும் போயிடுச்சு. "அழி" பட்டனும் போயிடுச்சு, பதிஞ்சதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் "திரும்பப் பெறு" மட்டும் நிக்கும்.

பட்டியல் நல்லா வேலை செஞ்சுது. பேர் வர்றது அதைவிட. ஒரு சின்னப் பொண்ணு எண்ணைச் சொல்லுச்சு, எழுத்தர் அடிச்சார், வேற பேர் வந்துச்சு. "ஏன் கண்ணு, உங்க ஐயன் பேரு இதா?"ன்னார். பொண்ணு சிரிச்சுக்கிட்டே சரியான எண்ணைச் சொல்லுச்சு.

நாம யாருமே நினைக்காதது ஒண்ணு நடந்துச்சு. ஃபேட் 4.2-ன்னு போடணும், கீபோர்டுல புள்ளி ஓரத்துல பொடிசா இருக்கு. ஈரவிரல்ல அது விழல. 42-ன்னு ஏறிடுச்சு. தொகை தாறுமாறா வந்துச்சு, வரிசையில நின்னவங்க "அண்ணனுக்கு லாட்டரி"ன்னு சிரிச்சாங்க. எழுத்தர் உடனே பார்த்ததால தப்பிச்சோம். பால்ல 42 ஃபேட் வரவே வராது, அப்போ ஆப் அதை ஏத்துக்கிட்டதே தப்பு. ஃபேட்டுக்கும் எஸ்.என்.எஃபுக்கும் ஒரே ஒரு தசமம்தான் இவங்க கணக்குல. அதனால புள்ளியே அடிக்க வேண்டாம், 4, 2 ரெண்டையும் தட்டினா 4.2-ன்னு தானா விழற மாதிரி மாத்தலாமான்னு யோசனை.

---

தஞ்சை_டெஸ்டர் | #23

நீல்சன் கணக்குல இது 4. மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு இதை முதல்ல பாருங்க.

புள்ளி தானா விழறது நல்ல யோசனைதான், ஆனா எருமைப் பால் ஊத்துறவங்க இருக்காங்களா? 7.0 வந்தா அவர் 7 மட்டும் அடிச்சுட்டு நகர்ந்துட்டா 0.7 ஆயிடும். எது எந்த எல்லைக்குள்ள வரணும்னு சங்கத்தோட ரேட் சார்ட்லயே இருக்கும், அதுக்கு வெளியில போனா பதிய விடாதீங்க. எஸ்.என்.எஃப் பத்துக்குக் கிட்டப் போகுமான்னும் கேட்டுக்கோங்க, அங்க மூணு இலக்கம் தட்ட வேண்டியிருக்கும்.

---

கொங்குத்தறி | #24

எருமை நாலஞ்சு பேர்கிட்ட இருக்குங்க. சார்ட்டை வாங்கி எல்லையைப் போட்டுடறேன். 7 மட்டும் அடிச்சா என்ன ஆகும்ங்கிறதை அவர்கிட்டயே அடிக்க வெச்சுப் பார்க்கணும்.

---

கட்டம்போட்டசட்டை | #25

ஸ்லிப்புல பேர் தமிழ்ல வருதா? என்கிட்ட இருக்கிற சின்ன பிரிண்டர்ல தமிழ் அனுப்பினா கேள்விக்குறியா கொட்டுது.

---

நெல்லைச்சீமை | #26

58 மில்லிமீட்டர் பேப்பர் பிரிண்டரா? அதுகள்ல பெரும்பாலும் தமிழ் ஃபான்ட் கிடையாது. ஸ்லிப்பு முழுசையும் போன்லயே படமா வரைஞ்சு அனுப்பணும், 384 புள்ளி அகலத்துல. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் வெச்சு வரைஞ்சா சுத்தமா வரும். ஒண்ணு மட்டும் பார்த்துக்கிடுங்க, நீளமான பேரை அகலத்துக்காக வெட்டும்போது யூனிகோட் எண்ணிக்கையை (கம்ப்யூட்டர் எழுத்துக்குக் கொடுக்கிற குறியீடுகளோட எண்ணிக்கை) வச்சு வெட்டிராதீங்க. புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடு, "முருகன்" போய் "முருகன"ன்னு நிக்கும்.

---

கொங்குத்தறி | #27

அதேதான் இப்போ நடக்குது, "செல்லம்மாள்" எல்லாம் "செல்லம்மாள"ன்னு வருது. வெட்டுறதுக்குப் பதிலா ரெண்டு வரியா மடக்கினா பேப்பர் அதிகமாகும்னு எழுத்தர் சொல்றார், ரோல் செலவு அவர் கணக்குல வருமாம். ஸ்லிப் படத்தை இன்னிக்கு ராத்திரி தனி இழையா போடறேன். ரெண்டு வரிப் பேர், ஒரு வரிப் பேர் ரெண்டையும் அடிச்ச காகிதத்தையே போட்டோ எடுத்துப் போடறேன், கைக்கு வர்ற சைஸ்லயே பார்த்துட்டுச் சொல்லுங்க. ராஜா, நீங்களும் வாங்க. எந்த எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறீங்கன்னு மட்டும் சொன்னா போதும்.